‘நாங்கள்’ என்று எழுதியவன்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. என் பெயர் ஐவின். எங்கள் ஹேகசுண்ட் ஊர்ப் பத்திரிகையில் அது அச்சாகியும்விட்டது. திருத்தி எழுத இது நான்காவது முயற்சி. முதல் மூன்றும் இப்படித் தொடங்கி நின்றன:

“அட்லாண்டிக் அன்று—” (பழியைக் கடலின்மேல் போடப் பார்த்தேன்.)
“எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது—” (உடம்பின்மேல்.)
“சிக்வோர் துணிச்சலான பெண்—” (அவளைப் புகழ்ந்தே தப்பிக்க.)

2
நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் கரையிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் நினைவாக, அதே வழியில் ஒரு பாய்மரக் கப்பலில் ஒன்பது பேர் போனோம். நான் பயணக் குறிப்பு எழுத வந்தவன். சுக்கான் பிடிக்க என் முறையும் வரும். சிக்வோர் எங்கள் தெருக்காரி, பல் மருத்துவர், என்னைவிட மூத்தவள். நடுக்கடலில் கேப்டனின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, “இந்தாங்க, அமெரிக்காவுல நட்டு வைங்க” என்று அவர் கையிலேயே கொடுத்தவள்.

பத்தொன்பதாம் நாள் பிற்பகல் காற்று புயலாக முற்றியது. மற்றவர்கள் பாயைச் சுருட்டப் போராடினார்கள். சுக்கானில் அவளும் நானும். மழைச்சட்டை எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கினேன். [இங்கே ‘கால் வழுக்கியது’ என்று எழுதி அடித்துவிட்டேன். வழுக்கவில்லை.] உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன்.

“ஐவின்! எங்கடா போனே? தனியா முடியலடா!”

மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றும் கேட்டது.

சுக்கான் கட்டை திரும்பி அடித்ததில் அவளுடைய வலக்கை விரல்கள் இரண்டு நசுங்கின. ஒரு மணி நேரம் கழித்து, காற்று அடங்கியபின் மேலே போனேன்.

“செத்துட்டியோன்னு பயந்துட்டேன்,” என்றாள்.

“மயக்கம் போட்டுட்டேன்.”

“இப்ப எப்படி இருக்கு?”

கட்டுப்போட்ட கையோடு அவள் என்னைக் கேட்டாள்.

3
மறுநாள் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் பத்திரிகைக்கு அனுப்பினேன்: “சுக்கானை நாங்கள் விடவில்லை.” ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் யாரும் ஒளிந்துகொள்ளலாம்.

நியூயார்க் துறையில் மார்லிஸ் என்ற முதியவள் அந்தக் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு காத்திருந்தாள். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் கப்பலேறியவர்களின் வம்சம். என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். “எங்க ஆளுங்களையும் இந்த மாதிரி கைதானே கரை சேர்த்திருக்கும்!”

நான்— (இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அன்றும் முடிக்கவில்லை.)

பக்கத்தில் இடக்கையில் காப்பிக் குவளையோடு நின்ற சிக்வோர் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். எங்கள் மொழியில், மெதுவாகச் சொன்னாள்:

“நல்லா எழுதியிருக்கே. நானும் கூட இருந்திருக்கேன் போல.”

4
முடிவு ஒன்று: மார்லிஸிடம் உண்மையைச் சொன்னேன். (இல்லை. அவள் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டேன்.)
முடிவு இரண்டு: சிக்வோர் மன்னித்துவிட்டாள். (அவளுடைய விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. அவளுடைய மருத்துவமனையில் வேறொருவர் பல் பிடுங்குகிறார். அவள் வாசல் மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள்.)

இதுவரை எழுதியதைச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

“படிச்சேன். கீழ நீ எப்படி உட்கார்ந்திருந்தே, உனக்கு எவ்வளவு வெக்கமா இருக்கு, எல்லாம் இருக்கு. அந்த நேரம் மேல எனக்கு என்ன நடந்துச்சுன்னு நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே, ஐவின்.”

உண்மைதான். அந்த ஒரு மணி நேரம் இந்தக் கதையில் இல்லை. அது இல்லாமல் இதை முடிக்க எனக்கு உரிமையும் இல்லை. வாசகரே, அவள் வீடு இங்கிருந்து நான்கு வீடு தள்ளித்தான். நீங்களாக இருந்தால் இந்நேரம் போயிருப்பீர்கள்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.