முப்பது கிலோ என்று எழுதியிருந்தது

இந்தக் காலத்து ஜனங்கள் ஒரு பொருளை வாங்கினோம், வைத்துக்கொண்டோம் என்று இருப்பதில்லை. வாங்கின பொருளுக்குப் பொருள் வாங்குகிறார்கள். அந்தப் பொருளை மூட ஓர் உறை, உறையை மாட்ட ஒரு கொக்கி. கேட்டால் அப்கிரேடு என்பார்கள். மலை ஏறுவதற்கென்று ஒரு சைக்கிள் வாங்குவானாம். ஏறினால் கால் வலிக்கிறது என்று அதற்கு மோட்டாராம், பேட்டரியாம். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதைத் தூக்க முடியவில்லை என்று உத்திரத்தில் ஒரு கப்பியாம். பேசாமல் வீட்டில் கிடந்தால் மலை என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது?

பெரியவர் இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடி காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய மருமகன் அவர் தலைக்கு மேலே ஏணியில் நின்று டிரில் ஓட்டிக்கொண்டிருந்தான். மரத்தூள் பெரியவரின் தலையணையில் விழுந்தது.

பெரியவர் துறைமுகத்தில் நாற்பது வருஷம் சுமை கட்டியவர். எந்தப் பெட்டிக்கு எங்கே கயிறு போட்டால் சாயாமல் மேலே போகும் என்பதுதான் அவர் படித்த படிப்பு. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் எண் மட்டும் எத்தனை சின்னதாக இருந்தாலும் கண்ணில் விழுந்துவிடும். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் எடை எழுதியிருக்கும் அல்லவா, அந்தப் பழக்கம்.

மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தார். மாடியில் அறை தருகிறேன் என்றாள் மகள். மாடிக்குப் பதினான்கு படி. முழங்கால் இரண்டும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, கார் ஷெட்டை ஒழித்துத் தரச் சொன்னார். கார் தெருவில்தான் நின்றது. ஷெட்டில் ஒரு மடக்குக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மின்விசிறி. முழங்கால் என்றது பாதி நிஜம். மீதி அந்த ஷெட்டுக்குத் தெருப்பக்கம் இருந்த சின்னக் கதவு. அதன் சாவி அவர் இடுப்பில் இருந்தது. எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று யாருக்கும் பதில் சொல்லாமல் போய்வர ஒரு கதவு. மகளை அண்டி இருக்கிறோம் என்ற நினைப்பு வராமல் மூன்று வருஷம் அவரைக் காப்பாற்றியது அதுதான்.

போன மாதம் இரண்டு சைக்கிள் வந்தன. மருமகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மருமகன் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் மனைவியோடு குன்றுப்பக்கம் போய் உருண்டுவிட்டு வருவான். முதலில் கூடத்தில் நிறுத்தினார்கள். தரையெல்லாம் சேறு. பிறகு ஷெட்டுக்கு வந்தன. வந்த அன்றே பெடல் இடித்துப் பெரியவரின் கணுக்கால் எலும்பு வீங்கியது. அதற்கு மருந்துதான் இந்தக் கப்பி. ஒரு சைக்கிள் சுவரோரத்து ஸ்டாண்டில் நிற்கும். மருமகனுடைய பெரிய சைக்கிள் மேலே தொங்கும். அந்தச் சின்ன ஷெட்டில் மேலே என்றால் கட்டிலுக்கு நேர் மேலே.

"முடிஞ்சுது மாமா. கீழ இடமே இடம். இனி தாராளமா நடங்க," என்று மருமகன் ஏணியிலிருந்து இறங்கினான்.

"நடக்கறது சரி மாப்பிள்ளை. படுக்கறது?"

"கட்டில் இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

"சுமைக்குக் கீழயா?"

"சுமை என்ன சுமை? சைக்கிள்."

ஷெட் வாசலில் நின்றவன் சிரித்தான். எதிர்வீட்டுக்காரன். அவனும் ஒரு மலைச் சைக்கிள் வைத்திருக்கிறான். எப்போது பார்த்தாலும் ஹெல்மெட்டோடு இருப்பதால் பெரியவர் அவனுக்கு ஹெல்மெட் என்றே பெயர் வைத்திருந்தார். மருமகனுக்கு அப்கிரேடு பைத்தியத்தை ஏற்றியவன் இவன்தான். பட்டனை அமுக்கினால் இறங்கும் சீட்டுக்கம்பி, பன்றித் தொடை கனத்துக்கு டயர், டயருக்குள் ஊற்றப் பால் மாதிரி ஒரு திரவம், பெரிய பேட்டரி, கைத் தடிமனுக்குச் சங்கிலிப் பூட்டு. வாரத்துக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஒவ்வொரு பெட்டியையும் வாங்கி உள்ளே வைத்தவர் பெரியவர். கையில் வாங்கியதுமே எடை அவருக்குத் தெரிந்துவிடும். வேண்டுமென்று கூட்டவில்லை. மனசு தானாகக் கூட்டிக்கொண்டே வந்தது.

"அந்தக் கப்பி எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தாங்கும் அங்கிள்," என்றான் ஹெல்மெட்.

"உன்னைக் கேக்கல. அதைக் கேக்கறேன்." எழுந்து நின்று கப்பியின் தகட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை அண்ணாந்து பார்த்தார். "முப்பதுன்னு போட்டிருக்கு."

"சைக்கிள் இருபத்திநாலுதான் மாமா. பேட்டரியைக் கழட்டிட்டா இருபத்தியொண்ணு."

"கழட்டுவீங்களா?"

மருமகன் டிரில்லை அதன் பெட்டிக்குள் வைத்தான். புதுப் பேட்டரி உள்ளே வைத்துப் பூட்டும் ரகம். தொங்கும்போதே சார்ஜ் ஏறட்டும் என்று அதற்காகவே உத்திரத்தோரமாக வயர் இழுத்து வைத்திருந்தான்.

பெரியவர் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கினார், வைத்தார். முன்சக்கரத்தைத் தூக்கினார், வைத்தார். "முப்பத்தொண்ணு."

"கையே தராசா அங்கிள்?"

"வீட்டுல மெஷின் இருக்குல்ல, எடுத்துட்டு வாங்க."

மகள் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். சைக்கிளை அதன்மேல் நிறுத்த முடியவில்லை. மருமகன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றான். நூற்றி இருபது. கீழே வைத்துவிட்டுத் தனியாக ஏறினான். எண்பத்தொன்பது.

"என்கிட்ட எழுபத்தெட்டுன்னுல்ல சொன்னீங்க?" என்றாள் மகள்.

"ஷூ போட்டிருக்கேன்."

"பதினோரு கிலோ ஷூவா?"

ஹெல்மெட் சிரித்து, மருமகனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். பெரியவர் சிரிக்கவில்லை. "முப்பத்தொண்ணு," என்றார் மறுபடியும்.

"ஒரு கிலோ மாமா! ஒரே ஒரு கிலோ! கம்பெனிக்காரன் முப்பதுன்னு போட்டா அறுபது தாங்கற மாதிரிதான் செய்வான்."

"அப்ப அறுபதுன்னு எழுதவேண்டியதுதானே? மை தீந்து போச்சா அவனுக்கு?"

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

வேண்டியது என்ன என்று பெரியவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்தச் சனியன் பிடித்த சைக்கிள் இந்த ஷெட்டை விட்டுப் போகவேண்டும். கட்டிலும் கதவும் இருந்தபடி இருக்கவேண்டும். ஆனால் வீடு மருமகனுடையது. அதை வாய்விட்டுக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. தெரிந்த வேலையைச் சொன்னார்.

"சோதனை வைக்கணும். புதுக் கொக்கி மாட்டினா, தூக்கப்போற எடைக்கு மேல கால் பங்கு சேத்து அரை மணி நேரம் தொங்கவிடுவோம். முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொம்பது. தாங்கலைன்னா கப்பியைக் கழட்டிடணும்."

"தாங்கிட்டா?" என்றான் மருமகன்.

"தாங்கட்டும், பாப்போம்."

"பாப்போம் இல்ல. தாங்கிட்டா இந்தப் பேச்சு இன்னியோட முடியணும். நீங்க இங்கயே படுக்கணும். இல்லேன்னா மாடிக்குப் போகணும். சரியா?"

பெரியவர் தலையை ஆட்டிவிட்டார். தாங்காது என்றுதான் நினைத்தார்.

பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு சாக்கு நிரப்பிக்கொண்டு வந்தார்கள். மெஷினில் வைத்து, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டும் எடுத்தும் முப்பத்தொன்பது ஆக்கினார் பெரியவர். சாக்கின் கழுத்தைத் தானே கட்டினார். பிறகு ஏணியில் நான்கு படி ஏறி, தகடு உத்திரத்தில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சுற்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். தகடு நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். கயிற்றை இழுத்தார்கள். சாக்கு மேலே போய் நின்றது.

"விலகி நில்லுங்க எல்லாரும்," என்றார்.

இருபது நிமிஷம் போயிற்று. சாக்கு அசையவில்லை. மகள் டீ கொண்டுவந்தாள். ஹெல்மெட் ஃபோனில் ஏதோ டயரைக் காட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் டீயைத் தொடவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஒரு முறை, மழை நாளில் மூட்டைகளைக் கட்டித் தூக்கினார்கள். மூட்டைகளின் சீட்டில் ஒரு டன் என்று இருந்தது. சீட்டில் பொய் இல்லை, சீட்டு ஒட்டின அன்று அது ஒரு டன்தான். நாலு நாள் நனைந்து ஊறியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கூட வேலை பார்த்த மொட்டை, பீடி விழுந்துவிட்டது என்று அந்த மூட்டைகளுக்குக் கீழே குனிந்தான், கயிறு அறுந்தது. அவ்வளவுதான். அதைப் பெரியவர் வீட்டில் யாரிடமும் சொன்னது கிடையாது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"என்ன மாமா, இறங்கி வரமாட்டேங்குதா?" மருமகன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். "உங்க பயத்தைப் போக்கறேன், பாருங்க." நேராகப் போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தான். சாக்கு அவன் மார்புக்கு நேர் மேலே தொங்கியது. கையைத் தலைக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே குறட்டை விட்டான். ஹெல்மெட் கைதட்டினான்.

"எந்திரிங்க மாப்பிள்ளை."

குறட்டை சத்தமாகியது.

"மாப்பிள்ளை, விளையாட்டு இல்ல. எந்திரிங்க."

"நல்ல கட்டில் மாமா. தூக்கம் சொக்குது."

"எந்திரிடா முட்டாப்பயலே!"

துறைமுகத்தில் கத்துகிற குரல். ஷெட்டின் தகரக் கதவு அதிர்ந்தது. மருமகன் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷத்தில் பெரியவர் அவனை நீ என்றுகூடச் சொன்னதில்லை. ஹெல்மெட் தரையைப் பார்த்தான், பிறகு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தான்.

"என்ன சொன்னீங்க?" என்றான் மருமகன், மெதுவாக.

"அப்பா!" மகளின் முகம் சிவந்திருந்தது. "அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? அவர் வீட்டுல இருந்துக்கிட்டு அவரையே டா போட்டுப் பேசறீங்க!"

அவர் வீட்டில் இருந்துகொண்டு. மூன்று வருஷமாக அந்தச் சின்னக் கதவு வெளியே நிறுத்தி வைத்திருந்த வார்த்தை அது. மகளும் அதைச் சொன்ன பிறகுதான் தன் காதில் வாங்கினாள் போலிருந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "வாரம் ஒரு நாள் அவரும் நானும் வெளிய போறோம். அன்னிக்குத்தான் ரெண்டு வார்த்தை பேசிக்கறோம். அது உங்களுக்குப் பொறுக்கல," என்றாள்.

"போங்க. யாரு வேண்டாம்னா? மலை உச்சியிலயே குடியிருங்க. சுமைக்குக் கீழ படுத்தா சொல்லத்தான் செய்வேன். நாளைக்குப் படுத்தாலும் சொல்லுவேன்."

"விழுந்துதா?" மருமகன் மேலே கையைக் காட்டினான். "சொல்லுங்க. விழுந்துதா?"

அரை மணி முடிந்திருந்தது. சாக்கு தேமே என்று தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஏணியைத் தள்ளிப் போட்டு ஏறினார். முழங்கால் நறநறத்தது. பென்சில் கோட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் கோடும் தகடும் ஒட்டியிருந்தன. மறு பக்கம், கோட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி கனத்துக்கு வெளுப்புத் தெரிந்தது.

"நகந்திருக்கு."

மருமகனும் ஏறிப் பார்த்தான். "இதுவா? புது ஸ்குரூ. மரத்துல அமுங்கி உக்காந்திருக்கு. அவ்வளவுதான்."

"எதுவும் முதல்ல உக்காரத்தான் செய்யும்."

"மாமா, நீங்க வச்ச சோதனை. நீங்க கட்டின சாக்கு. நீங்க போட்ட கோடு. தாங்கிடுச்சு. ஒத்துக்கக்கூட மனசு வரலைல்ல?"

"தாங்கிச்சுதான். இல்லேன்னு சொல்லல."

"அப்ப இங்கயே படுங்க."

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குப்பா இந்தச் சோதனை, நாடகமெல்லாம்?" என்றாள் மகள்.

"சோதனை தூக்கறவனுக்கு. கீழ நிக்கறவனுக்கு எந்த ஊர்லயும் சோதனை கிடையாது."

அவர் சாக்கை இறக்கி ஓரமாக வைத்தார். கட்டிலிலிருந்த மரத்தூளைத் தட்டினார், மடக்கினார். மருமகன் ஒரு கை கொடுக்க வந்தான். கொடுக்க விடவில்லை. டிரங்குப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டார், அது சுவரோரம், அதன்மேல் எதுவும் விழாது. மருமகன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சைக்கிளைக் கொக்கியில் மாட்டினான். ஏற்றுவதற்குக் கயிற்றைப் பிடித்தபோது பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். இடுப்பிலிருந்து தெருக்கதவின் சாவியை அவிழ்த்தார். சைக்கிளின் கைப்பிடியில், விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டினார்.

"இதோட எடையையும் சேத்துக்குங்க மாப்பிள்ளை."

அவ்வளவுதான், மரியாதை திரும்பி வந்துவிட்டது. மருமகனுக்கு அது டா போட்டதைவிட உறைத்தது போலிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

"அப்பா, மாடி ஏற உங்களால முடியாது," என்றாள் மகள்.

"பதினாலு படிதானே. அதுல எதுவும் எழுதி ஒட்டல."

கட்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுப் பக்கத்துக் கதவு வழியாகப் போனார். கூடத்தைத் தாண்டி முதல் படியில் காலை வைத்தார். ஷெட்டில் கப்பி கிறீச் கிறீச்சென்று சுற்றும் சத்தம் கேட்டது. சைக்கிள் மேலே போகிறது. எத்தனை சுற்று என்று மனசு எண்ணியது. ஒன்பதாவது சுற்றில் சத்தம் நின்றது. நாலாவது படியில் நின்று காது கொடுத்தார். ஒன்றும் விழவில்லை.

"இன்னிக்கு விழாது," என்று சொல்லிவிட்டு ஐந்தாவது படி ஏறினார்.