மூன்று எழுத்துகள் சிதைந்துள்ளன

1

இந்தக் கதை ஒரு படக்குறிப்பில் தொடங்கியது. வார இதழ் ஒன்றில், ஒரு புகைப்படத்துக்குக் கீழே, எட்டே வார்த்தைகள்: "ராணி உயிர்நீத்த மலைக்கோட்டையின் உச்சியில் இன்றும் நிற்கும் அவரது கல்வெட்டு." எழுதியவன் நான். அதில் மலையும் உச்சியும் உண்மை.

கட்டுரையைப் படிக்காதவர்களும் படக்குறிப்பைப் படிப்பார்கள் என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அதனால்தான் அதைக் கடைசியாக, அச்சுக்குப் போகிற அவசரத்தில் எழுதுவோம்.

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"எழுநூறு ஆண்டுகளுக்கு முன், வானம் சிவந்திருந்த ஒரு மாலையில், இளம் ராணி கோட்டைச் சுவரின் மேல் ஏறி நின்று" — வேண்டாம். இது சினிமாவில் வருவது. பின்னணி இசை இல்லாமல் இந்த வாக்கியம் நொண்டும்.

"ஒரு ராணிக்கு முழங்கால் வலித்தது." உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு இரண்டாவது வரிக்கு யார் வருவார்கள்?

மூன்றாவது தொடக்கத்தில் ராணியே இல்லை. ராணியைப் படிக்கிற ஒருவர் இருக்கிறார். அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ராணியைப் பற்றி எடுத்த சினிமாவின் படப்பிடிப்பில் அவரைப் பூதக்கண்ணாடி என்றார்கள். முகத்துக்கு நேரே 'மேடம்'. வயது ஐம்பத்தொன்பது. கல்வெட்டு வாசிப்பதுதான் வேலை. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, மேலே மையை ஒற்றி எடுப்பார்கள். கறுப்பில் வெள்ளையாக எழுத்து வரும். அதற்கு மைப்படி என்று பெயர். இந்த ராணி ஒருத்திக்காகவே அவர் பத்தொன்பது வருடம் தாள் நனைத்திருக்கிறார்.

ராணியைப் பற்றி இருப்பது மொத்தம் பதினொரு கல்வெட்டு. பத்தில் வாய்க்கால், மதகு, யார் மாடு யார் வயலில் மேய்ந்தது. பதினொன்றாவதில்தான் ராணி நடமாடுகிறார். அறுபத்தெட்டு வயதில், இரண்டு ஊர்களுக்கு இடையே நடந்த தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்க நேரில் ஏரிக்குப் போகிறார். பல்லக்கைவிட்டு இறங்கி, நோகும் காலோடு கரையில் நடந்து, கையில் இருந்த கோலால் மதகின் வாயை அளக்கிறார். பிறகு தீர்ப்பு: இரண்டு ஊரும் பொய் சொல்கின்றன, இரண்டு ஊரும் சேர்ந்து தூர் வார வேண்டும்.

அந்தக் கல் இப்போது இல்லை. புது மதகு கட்டியபோது உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். அவர் எழுதிய அறிக்கை இன்னும் அச்சேறாமல் அலுவலகக் கோப்பில் கிடக்கிறது. மிச்சம் இருப்பது அவர் வீட்டு இரும்பு அலமாரியில் சுருட்டி வைத்த ஒரே ஒரு மைப்படி.

அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எழுத்து தேய்ந்துபோன இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளே புள்ளி வைக்க வேண்டும். ஊகித்து நிரப்பினால், ஊகமும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்க வேண்டும். "ஊகிக்கிறது தப்பில்லைங்க. அடைப்புக்குறி போடாம ஊகிச்சா அதுக்குப் பேரு திருட்டு" என்றார் என்னிடம்.

இந்தக் கதையிலும் அந்த விதியைக் கடைப்பிடிக்கிறேன். அவர் மனதுக்குள் நடந்ததாக நான் சொல்வது எல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். மற்றதை நான் பார்த்தேன், அல்லது அவரே சொன்னார்.

3

இயக்குநரின் அறைச் சுவர் முழுக்கக் கதாநாயகியின் படங்கள், பதினான்கு உடையில். பேட்டிக்காக நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், ராணிக்கு என்ன வயசு?"

"எப்போ?"

"எப்போன்னா? மொத்தமா."

"மொத்தமா எழுபத்தொண்ணு."

இயக்குநர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "நம்மகிட்ட இருபத்து நாலுலயே முடிஞ்சிடுது மேடம். எதிரி ராஜா கோட்டையை வளைக்கிறான். இவங்க அவனை லவ் பண்றாங்க. நாடா, காதலான்னு மாட்டிக்கிட்டு மேலேருந்து குதிச்சிடறாங்க."

"அந்த ராஜா இவங்க பொறக்கறதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே செத்துட்டாரே."

"அது பரவாயில்ல, மேக்கப்ல பாத்துக்கலாம்."

பூதக்கண்ணாடி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். [எழுந்து போய்விடலாமா என்று நினைத்திருப்பார்.] பிறகு கேட்டார்: "ஒரே ஒரு சீன் வைங்க. வயசான ராணி, ஏரிக்கரை, கையில ஒரு கோல். ரெண்டு நிமிஷம் போதும்."

"சத்தியமா பிடிச்சிருக்கு மேடம். ஆனா அவங்க செத்ததுக்கப்புறம்ல வருது."

இயக்குநரைக் கோமாளியாக்குகிறேன் என்று தோன்றுகிறது. இரண்டாம் வரைவில் அவருக்கு ஒரு நல்ல குணம் சேர்க்கப் பார்த்தேன். "அவர் தன் அம்மாவிடம் மிகுந்த" — விட்டுவிட்டேன். அவர் அம்மாவை எனக்குத் தெரியாது.

கடைசியில் அவர் ஒரு வேலை கொடுத்தார். ராணி குதிக்கிற இடத்தில் ஒரு கல் நிற்கும். கேமரா அதில் தொடங்கி மேலே போகும். "எழுத்து அசல் அந்தக் காலத்து எழுத்தா இருக்கணும் மேடம். இல்லன்னா நெட்டுல கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"என்ன எழுதணும்?"

"இங்கதான் ராணி குதிச்சாங்கன்னு ஏதாவது. யாரு படிக்கப்போறா?"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைப் பூதக்கண்ணாடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

4

வீட்டில் தங்கை இருக்கிறாள். தையல்காரி. கூடத்தை அடைத்துக்கொண்டு அவளுடைய வெட்டுமேசை. அதன் ஒரு மூலையில் அக்கா வரைபடத்தாளை விரித்து எழுத ஆரம்பித்தார்.

"என்னக்கா, சாகடிச்சிட்டியா அவளை?"

"இல்ல. அறுபத்தெட்டு வயசாக்கிட்டேன்."

"கேட்டது அது இல்லையே."

"யாரு படிக்கப்போறா?"

தங்கை கத்தரியைக் கீழே வைத்தாள். "மாட்டினா உன் பேரு நாறிடும்க்கா. கள்ளக் கல்லு செஞ்சவன்னு சொல்லுவாங்க."

"சினிமாக் கல்லுடி. படம் முடிஞ்சதும் உடைச்சிடுவாங்க."

பதினொன்றாவது கல்வெட்டை, வரி மாறாமல், பழைய எழுத்தில் எழுதி முடித்தார். நாலாவது வரியில் மூன்று எழுத்து அசலிலேயே தேய்ந்திருந்தன. பழக்கதோஷம்: சதுர அடைப்புக்குறி, உள்ளே மூன்று புள்ளி. ஓரத்தில் பென்சிலால், நாம் இன்று எழுதுகிற எழுத்தில், ஒரு குறிப்பு: மூன்று எழுத்துகள் சிதைந்துள்ளன.

[கோடிக்கணக்கான பேர் முன்னால், குதிக்கப்போகிற பெண்ணின் காலடியிலேயே, அவள் குதிக்கவில்லை என்று எழுதி வைக்கிற சந்தோஷம் அவருக்கு இருந்திருக்கும்.]

5

செட் சிற்பி சிமெண்டிலும் கல்தூளிலும் அந்தக் கல்லைக் கோட்டை உச்சியிலேயே வார்த்து, செதுக்கி முடித்திருந்தார். பூதக்கண்ணாடி கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். நாலாவது வரியில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்னங்க?"

"எது மேடம்?"

"இந்த அடைப்புக்குறி. இந்தப் புள்ளி. அப்புறம்… இது."

"உங்க தாள்ல இருந்ததுதான். ஒண்ணையும் விடலை." சிற்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓரத்துல மட்டும் இந்தக் காலத்து எழுத்தா இருந்துச்சு. மறந்துட்டீங்கபோலன்னு, நீங்க குடுத்த எழுத்துச் சார்ட்டைப் பாத்து நானே மாத்திட்டேன்."

ஆக, எழுநூறு வருடத்துக் கல், தன்னில் மூன்று எழுத்து சிதைந்திருப்பதைத் தானே, புத்தம்புதுசாக, அழகான கையெழுத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது.

மாற்ற நேரம் இல்லை. கதாநாயகி சுவரில் ஏறிவிட்டார். "ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்று சிற்பியிடம் சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடி நிழலில் போய் உட்கார்ந்தார். ராணி அன்று ஆறு தடவை மெத்தையில் குதித்தார்.

அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மூட்டை கிடந்தது. அதையும் பார்த்தேன். இதழுக்குப் புகைப்படம் எடுக்கும்போது மூட்டையை நகர்த்தச் சொன்னதே நான்தான். மூன்று வாரம் கழித்து, பக்கம் முடிக்கிற அவசரத்தில், எட்டு வார்த்தை எழுதினேன்.*

* இதற்கு இங்கே ஒரு சமாதானம் எழுதியிருந்தேன். நான்கு வரி. நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

6

படம் ஓடியது. தங்கை மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் அழுதாள்.

"கோவிச்சுக்காதக்கா. உன் ராணியைவிட இவ நல்லா இருக்கா. உன்னுது தூர் வாரச் சொல்லுது. இவ எவ்வளவு அழகா சாகறா."

"உசுரோட இருந்தா தூர் வாரித்தான் ஆகணும்."

கல்லை யாரும் உடைக்கவில்லை. ஆழமாகப் புதைத்திருந்தார்கள், பெயர்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கூட்டம் வர ஆரம்பித்தது. கல்லோடு படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். வேலி போட்டதும் கல்லுக்கு வயது கூடிவிட்டது.

7

இரண்டு வருடம் கழித்து ஒரு காலைப்பொழுதில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தாள்சுருள். வெட்டுமேசையில் விரித்தார்கள். ஒரு முனையில் கத்தரி, மறுமுனையில் இஸ்திரிப்பெட்டி. கறுப்பில் வெள்ளை எழுத்து. சிமெண்ட் கல்லுக்கு மைப்படி எடுத்திருந்தாள். நன்றாகவே எடுத்திருந்தாள்.

"மேடம், படம் பொய். ராணி குதிக்கவே இல்ல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அறுபத்தெட்டு வயசுல ஏரிக்குப் போயிருக்காங்க. மதகை அளந்திருக்காங்க. ரெண்டு ஊரும் பொய் சொல்லுதுன்னு சொல்லியிருக்காங்க. எவ்வளவு தைரியம் பாருங்க."

[இந்த வாக்கியத்தை இன்னொருவர் வாயால் கேட்க அவர் இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார்.]

"இத்தனை பேர் போய்ப் பாத்தாங்க, ஒருத்தரும் படிக்கலையே" என்றாள் மாணவி. பிறகு விரல் நாலாவது வரிக்குப் போனது. "ஒரு எடம் மட்டும் புரியல. கல்லு இங்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு எழுத்து சிதைஞ்சிருக்குன்னு கல்லே சொல்லுது."

தங்கை தையல் மிதியை நிறுத்திவிட்டாள்.

மாணவி பையிலிருந்து இரண்டு காகிதம் எடுத்தாள். ஒன்று, என் படக்குறிப்பு இருந்த பக்கத்தின் நகல். கல் அசல் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சான்று. இன்னொன்று, அவள் வாசிப்பு சரி என்று பூதக்கண்ணாடி கையெழுத்துப் போடவேண்டிய தாள். ஆய்வேட்டைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

"படிச்சது அத்தனையும் சரி" என்றார் பூதக்கண்ணாடி. "தாளை வச்சிட்டுப் போம்மா. நாளைக்கு வா."

8

முடிவுகள்.

ஒன்று: கையெழுத்துப் போடுகிறார். ராணி பொய்க் கல்லில் ஏறிப் பாடப்புத்தகத்துக்குள் போகிறார், சரியான வயதோடு.

இரண்டு: உண்மையைச் சொல்கிறார். அலமாரியைத் திறந்து அசல் மைப்படியைக் காட்டுகிறார். ஒரு கல்லைப் பொய்யாகச் செய்தவர், இன்னொரு கல் உண்மையாகவே இருந்தது, ஆனால் உடைத்துவிட்டார்கள் என்கிறார். மாணவி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். "இது ரெண்டுமே நீங்க பண்ணினதுதானா மேடம்?"

மூன்று: இயக்குநரைக் கேட்டால் இவரையும் கோட்டை உச்சிக்குக் கூட்டிப்போய்விடுவார். வயது மட்டும் பிரச்சினை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று மதியம் அவர் எனக்குப் போன் செய்தார்.

"அந்தப் படக்குறிப்புக்குத் திருத்தம் போடுவீங்களா?"

"போட்டா கல்லும் போயிடும், உங்க பேரும் போயிடும்."

"அது தெரியும். போடுவீங்களான்னுதான் கேட்டேன்."

நான் அடுத்த இதழின் பக்கங்களைப் புரட்டினேன். பின்னால் தங்கையின் குரல்: "அவரு எழுத மாட்டாருக்கா. எழுதறவரா இருந்தா அன்னிக்கே சரியா எழுதியிருப்பாரு."

"நீங்க என்ன எழுதறீங்கன்னு பாத்துட்டு நான் கையெழுத்தைப் பத்தி யோசிக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். இது வந்தது. செய்தியில் போட்டிருக்க வேண்டியதைக் கதையில் போட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. கதையை எவரும் சான்றாகக் காட்டமாட்டார்கள். அந்தக் கல்லைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தோம்.

நாளைக் காலை மாணவி வருவாள். திருத்திய படக்குறிப்பு இதுவரை இப்படி இருக்கிறது:

"மலைக்கோட்டையின் உச்சியில் இன்றும் நிற்கும் [ . . . ] கல்வெட்டு."

உள்ளே என்ன வரவேண்டும் என்று நீங்கள் ஊகிக்கலாம், தப்பில்லை. அடைப்புக்குறியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.