கட்டு போட்டதிலிருந்து

"கதவ சாத்தி ஒரு மணி நேரம் ஆச்சுங்க. பிளேன் இன்னும் தரையிலதான் நிக்குது" என்று மனைவி போனில் சொன்னபோது அவர் பதினேழாவது பையில் தங்கமீன்களை விட்டுக்கொண்டிருந்தார்.

வளர்ப்பு மீன்களை விமானத்தில் அனுப்பும் கொட்டகை அது. பையில் கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் ஆக்சிஜன், வாயில் ரப்பர் கட்டு. எந்தப் பைக்கு எத்தனை மணி நேரக் காற்று என்று முடிவு செய்வது அவர்தான். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் காத்து அண்ணன். புதிதாக வருபவர்களிடம் ஒன்றைத்தான் சொல்வார்: "பிளேன் பறக்குற நேரத்த எண்ணாதீங்க. இங்க கட்டு போட்டதுலேர்ந்து அங்க கட்டு அவுக்குற வரைக்கும் எண்ணுங்க."

மனைவிக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. தோளில் மாட்டிய சின்ன இயந்திரம் மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் தரும். தூரத்து ஊரில் இருக்கும் மகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். குழந்தையைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இவர் கைபேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டிப் பார்த்தார். 2,740 கிலோமீட்டர், மூன்று மணி ஐம்பது நிமிடம். ஒரு பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். "ரெண்டு போதும். மூணாவதயும் தூக்கினா தோள் இத்துப்போகும். நான் என்ன உங்க மீனா?" என்று சிரித்தாள். இவரும் கூடச் சிரித்துத் தொலைத்தார். மூன்றாவது பேட்டரி வீட்டு மேஜைமேல் இருக்கிறது.

காலையில் டாக்ஸி ஏறும்போதே இயந்திரத்தைப் போட்டிருந்தாள். சாலை, வரிசை, சோதனை, காத்திருப்பு என்று இரண்டரை மணி. இப்போது தரையில் ஒரு மணி. ஊருக்கெல்லாம் சொன்ன கணக்கைத் தன் வீட்டுக்குப் போடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மெஷின்ல எவ்வளவு இருக்கு?"

"ரெண்டாவத மாட்டி அரை மணியாச்சு. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பேட்டரி பத்தாது. பணிப்பொண்ண இப்பவே கூப்பிட்டுச் சொல்லு. அவங்ககிட்ட சிலிண்டர் இருக்கும். கூச்சப்படாம கேளு."

"லேட்டாச்சுன்னு எல்லாரும் சிடுசிடுன்னு இருக்காங்க. கிளம்பட்டும், அப்புறம் கேக்கறேன். போன அணைக்கச் சொல்றாங்க, வெச்சிடறேன்."

பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கச் சொல்லவே வாய் வராதவள் அவள். மறுபடி அழைத்தார், அணைந்திருந்தது. விமானக் கம்பெனிக்குப் போட்டால் பாட்டுதான் ஓடியது. கடைசியில் மகளை அழைத்து விஷயத்தைச் சொன்னார்.

"நீ எப்படியாவது சிலிண்டரோட பிளேன் வாசல்லயே ஆள நிக்க வையும்மா."

"வெக்கறேன்ப்பா. ஆனா நடுவானத்துல தீந்துட்டா?"

அவர் அழைப்பை முடித்து, விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தார்.

கைபேசியை மேஜையில் சாய்த்து வைத்தார். திரையில் கடலின் மேல் ஒரு சின்ன விமானம். மீதி மூன்று மணி முப்பத்தொரு நிமிடம். பார்த்துக்கொண்டே இருந்தார், அது நகர்ந்ததாகவே தெரியவில்லை.

"அண்ணே, இது கிட்டத்துலதானே போகுது? எத்தனை மணி நேரத்துக்குக் காத்து?" என்று பெட்டி அடுக்குகிறவர் கேட்டார்.

அவர் பைக்குள் ஆக்சிஜன் குழாயைச் செருகி வால்வைத் திறந்தார். பை உப்பி, விறைத்து, தட்டினால் டங்கென்று சத்தம் வரும் பதத்துக்கு வந்தது.

"போதும்ண்ணே, வெடிச்சிடப் போகுது."

உள்ளே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குழாயை எடுக்க அவருக்குக் கை வரவில்லை.