மாடுகளுக்கு ஓர் ஆள்

ஏழு மாடுகளையும் கறந்து, பால் கேன்களைச் சாலைமுனையில் வைத்துவிட்டு வந்த விதோமிர், கிணற்றடியில் இரண்டாவது முறையாகச் சவரம் செய்துகொண்டான். ஐம்பத்து நான்கு வயது. எவ்வளவு மழித்தாலும் தாடையில் சாம்பல் நிறம் போகவில்லை. பத்து மணிக்குத் தரகர் கிராதிமிரின் கார் வரும். எல்லைக்கு அப்பால், அல்பேனிய மலைக் கிராமம் ஒன்றில், திலா என்ற விதவை அவனைப் பார்க்கக் காத்திருந்தாள்.

"போதும் மாமா, தோல் உரிஞ்சிடும்" என்றாள் பிரேனா. தம்பி மிலின்கோவின் மனைவி. எட்டு மாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அல்பேனியாவிலிருந்து வந்த இரண்டு வருடத்தில் செர்பிய மொழி அவளுக்கு நன்றாகவே வந்துவிட்டது. "திலா எங்க சித்தி பொண்ணு. தாடியைப் பாத்து ஆள் எடுக்கறவ இல்ல."

"பின்னே எதைப் பாப்பா?"

"கையை. நானும் கையைத்தான் பாத்தேன்."

அவள் பார்த்தது மிலின்கோவின் கையை. இரண்டு வருடத்துக்கு முன்பு பெண் பார்க்கக் கிளம்பியது விதோமிருக்காகத்தான். அன்று ஒரு பசு கன்று ஈன முடியாமல் திணறியது. "நான் போய் உனக்காகப் பேசிட்டு வரேண்ணே, நீ மாட்டைப் பாரு" என்று தம்பி போனான். நான்காம் நாள் பிரேனாவோடு திரும்பினான். "அவ என்னைத்தான் கேட்டா. நான் என்ன பண்ண?" என்றான். கன்றும் பிழைக்கவில்லை.

சுவருக்கு அப்பால் அவர்கள் சிரிக்கும்போது விதோமிர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவான். சாப்பாட்டு மேசையில் யார் தட்டில் பெரிய பாலாடைக்கட்டித் துண்டு விழுகிறது என்று கவனிப்பான். எப்போதும் ஒரே அளவுதான். அதுவும் எரிச்சலாக இருக்கும்.

கார் வந்தது. கிராதிமிர் முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் இல்லாமல் போனபின் தரகரானார்.

"பதினேழு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போன பாதைடா இது. இப்போ கிழட்டு மாப்பிள்ளைங்கதான் சவாரி" என்றார். சரிவில் நாற்பது வீடுகள். ஆறு வீடுகளில் மட்டும் புகை. "மேல் வீட்டு ஸ்தாயினி எங்கே?"

"வியன்னாவுல, மகன்கிட்ட."

"பாலம் பக்கத்து வீட்டுக்காரன்?"

"கல்லறையில."

"அப்போ ஊர்ல மொத்தம்?"

"வயித்துல இருக்கறதையும் சேத்தா பதினொண்ணு."

"பன்னெண்டாக்கிடுவோம். கிளம்பு."

தொழுவத்துக் கதவைச் சாத்தப் போனான். உள்ளே பிரேனா தீவனத் தொட்டியைப் பிடித்துக் குனிந்திருந்தாள். பனிக்குடம் உடைந்து காலடியில் வைக்கோல் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். ஊரில் ஓடுகிற கார் வாசலில் நின்ற அது ஒன்றுதான்.

விதோமிர் தாழ்ப்பாளைப் போட்டான். எடுத்தான். மறுபடியும் போட்டான். வாசலில் கிராதிமிர் ஹார்ன் அடித்தார்.

"மாமா" என்றாள் உள்ளிருந்து. குரல் மெதுவாகத்தான் வந்தது. "கார் போயிடுச்சா?"

கதவைத் திறந்தான். பிறகு, விறகு அடுக்கிக்கொண்டிருந்த தம்பியைக் கத்திக் கூப்பிட்டான்.

அவளைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, தன் கோட்டைச் சுருட்டித் தலைக்குக் கொடுத்தான். மிலின்கோ யாரையும் கேட்காமல் முன்னால் ஏறிக்கொண்டான்.

"அடுத்த மாசம் போலாம்" என்றார் கிராதிமிர்.

"அதுவரைக்கும் திலா இருப்பாளா?"

தரகர் கண்ணாடியைச் சரிசெய்தார். "இத்தாலியில ஒரு கிழவியைப் பாத்துக்கற வேலை வந்திருக்காம். ஞாயித்துக்கிழமை பஸ். சொல்லிப் பாக்கறேன்." காரை நகர்த்தியவர் நிறுத்தி, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியே நீட்டினார். "திலா உனக்குன்னு குடுத்து அனுப்பினா. மறந்தே போனேன்."

"மாட்டைப் பாத்துக்கண்ணே" என்றான் மிலின்கோ. கார் சரிவில் இறங்கியது.

சாயங்காலம் இரண்டு மாடுகளைக் கறந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தான். கையால் பின்னிய கம்பளிக் காலுறைகள். வெள்ளை, விளிம்பில் சிவப்பு. முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி ஒன்றை இழுத்துப் போட்டான். விரல்கள் முட்டி மடங்கின. காலுறையின் குதி பாதத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. பிரேனாதான் போனில் அளவு சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்த ஆண் கால் ஒன்றுதான், தம்பியுடையது.

மற்றதையும் போட்டுக்கொண்டான். மடங்கிய விரல்களோடு கால்களை ரப்பர் பூட்ஸுக்குள் திணித்து, முக்காலியை மூன்றாவது மாட்டின் அருகே நகர்த்தினான்.