பொறுப்புப் பொறியாளர்

காலை அவசரத்தில் என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார் என் கணவர். இருவர் அட்டைக்கும் ஒரே நீல நாடா. "என்னங்க, நில்லுங்க" என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். கழற்றுமுன் குனிந்து படித்தார். 'பதிவு பெற்ற பொறியாளர்.' அவருடையதில் 'வடிவமைப்பு உதவியாளர்' என்றிருக்கும்.

"கனமாத்தான் இருக்கு" என்று கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இன்றைக்கு அவருடைய பாலத்தைச் சோதிக்கும் நாள்.

ஊரில் ஒரே அலுவலகத்தில் அவர் தலைமைப் பொறியாளர், நான் அவருக்குக் கீழே எங்கோ ஒரு மேசை. கல்யாணத்துக்கு அப்புறமும் வாய் பழகிப்போய் 'சீஃப்' என்றே கூப்பிட்டேன். இந்த வெளிநாட்டில் பல நாட்டு ஆட்கள் கூடி வேலை செய்கிறார்கள். இந்த நாட்டுப் பதிவு இல்லாதவர் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாதாம். பதிவுக்குப் பரீட்சை உண்டு. நான் எழுதினேன். "இத்தனை பாலம் கட்டினவன் மறுபடியும் பேனாவைக் கடிக்கணுமா?" என்று அவர் எழுதவில்லை. "அங்கயும் அவன்தானே சீஃப்?" என்று மாமியார் போனில் கேட்கும்போதெல்லாம் "ஆமாம் அத்தை" என்பேன். வீட்டுக்குள் அது பொய்யில்லையே.

கால்வாய்க்குக் குறுக்கே ஒரு நடைபாலம். வரைந்தது அவர். என்ன அழகு! யாரோ போகிற போக்கில் தண்ணீர்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போன மாதிரி மெல்லிய எஃகு. கட்டத் தொடங்கும் முன் பொறுப்புப் பொறியாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருந்தது. அதை நான்தான் போட வேண்டியிருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டுப் போடும்மா. நான் போட்ட கணக்கு."

"பார்த்துட்டுப் போடறேன் சீஃப்."

"என் கணக்கை நீ பார்க்கப் போறியா?"

பார்த்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டோடு சோபாவுக்குப் போய்விட்டார். போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பாரம் தாங்கும், காற்று தாங்கும். பேனாவைத் திறந்தேன், மூடினேன். என்னவோ உறுத்தியது. கண்ணை மூடினால் ஒரே கனவு. பாலத்தில் கூட்டமாக வருகிறார்கள். முகம் தெரியவில்லை, கால்கள் மட்டும். கலைந்து நடந்த கால்களெல்லாம் மெல்ல மெல்ல ஒன்றாக விழத் தொடங்குகின்றன. பாலம் தொட்டிலாக ஆடுகிறது. பயமே இல்லை, சுகமாக இருக்கிறது. விழித்த பிறகுதான் பயம் வந்தது.

அவர் கட்டியதெல்லாம் கனத்த கான்கிரீட் பாலங்கள். ஊரே ஓடினாலும் அசையாது. அதனால் கூட்டம் ஒரே தாளத்தில் வைக்கும் காலடியைக் கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. நான் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன்.

"இது ஆடும் சீஃப்."

"ஆடினா விழுந்துடுமா?"

"விழாது. ஆனா நடுப்பாலத்துல கூட்டம் மிரண்டு ஓடினா? நான் போட மாட்டேன்."

தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "இனிமே என்னை அப்படிக் கூப்பிடாத" என்றார்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் வீடு கலகலவென்று இருந்திருக்கும். எனக்கு வீடும் வேண்டும், பாலமும் வேண்டும்.

ஒருவழியாகப் புது வரைபடம் வந்தது. பாலத்தின் வயிற்றுக்கடியில் சுருள்வில் பூட்டிய இரும்புக் கட்டிகள். பாலம் ஒருபக்கம் சாய்ந்தால் அவை மறுபக்கம் போய் அடக்கிவிடும். மேசையில் விரித்து வைத்தார். "பாரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஒரு வரி விடாமல் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

பாலம் கட்டி முடிந்து, இன்று சோதனை. கால்வாய் முழுக்க மூடுபனி. தண்ணீரும் இல்லை, அக்கரையும் இல்லை. பாலம் மட்டும் அந்தரத்தில் நீண்டு போகிறது. எல்லாரும் ஒரே தாளத்தில் கால் வைத்து நடந்து பார்க்க, வெல்டர்கள், கம்பி கட்டுபவர்கள், கிரேன்காரர் எல்லாரையும் அவர் வரிசையாக நிறுத்தினார்.

"பொறுப்புப் பொறியாளர் முன்னாடி வாங்க."

"எந்தக் கால் முதல்ல, சீஃப்?" வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "வலது. ஒண்ணு... ரெண்டு..."

நடந்தோம். கழுத்தில் தொங்கிய அட்டைகளெல்லாம் ஒரே தாளத்தில் ஆடின. பனியில் எதிலும் எழுத்து தெரியவில்லை. காலுக்கடியில் பாலம் அசையக் காணோம். அக்கரையையும் இன்னும் காணோம். அவர் எண்ணிக்கொண்டே வந்தார்.