விரிசல் விடாத கூடம்

பனித்தளத்தில் கனத்த கல்லை இலக்கை நோக்கி வழுக்கிவிட்டு ஆடும் ஆட்டம் கர்லிங். ஹார்ட்லி ஊரின் பழைய கர்லிங் கூடத்தில் விரிசல் இல்லாத சுவர் ஒன்றுகூடக் கிடையாது. அங்குள்ள களிமண் அப்படி. பனி உருகும்போது தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கும் கீழே உறைந்து, தன் மேல் இருப்பதைத் தூக்கிப் பார்க்கும். இதையெல்லாம் ஒரே சீராகச் செய்தாலாவது சமாளிக்கலாம். கூடத்தின் கிழக்குப் பாதிக்கு அடியில் பழைய ஓடையின் வண்டல், மேற்குப் பாதிக்கு அடியில் கொழுத்த களி. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டதே இல்லை.

புதுக் கூடம் கட்டியபோது கிளப் கேட்டது ஒன்றே ஒன்று: விரிசல் விழக் கூடாது. அந்த ஊரிலேயே பிறந்து, வின்னிபெக் நகரத்தில் பொறியாளராக இருக்கும் சிக்னி தோர்லாக்சன் அதற்கு ராஃப்ட் அஸ்திவாரம் போட்டாள். அடியில் ஆழமான உத்திரங்கள் கொண்ட ஒரே தடித்த காங்கிரீட் பலகை. கட்டடம் முழுவதும் அதன் மேல், தெப்பத்தில் ஏறியதுபோல. பனித்தளத்தின் குளிர் கீழே இறங்காமல் இருக்கப் பலகைக்கு அடியிலும், வெளிக்குளிர் பக்கவாட்டில் புகாமல் இருக்கச் சுற்றிலும் மண்ணுக்குள் குளிர்காப்பு அட்டை. மண் என்ன ஆட்டம் போட்டாலும் பலகை வளையாது என்றாள். வளையவில்லை. எட்டு வருடங்களாக ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.

வளையாத பலகை, அப்படியே முழுசாக மேற்கே சாய்ந்திருந்தது.

இந்த அக்டோபரில் பனி போடுவதற்கு முன் அளந்து பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நான்கு விரற்கடை வித்தியாசம். மேற்கு வேலிக்கு அப்பால் கோர்னி ஃப்ரீசனின் பாப்லர் மரங்கள் வரிசையாக நின்றன. மழையில்லாத கோடைகளில் அவை கூடத்துக்கு அடியிலிருந்த களியின் ஈரத்தைக் குடித்துவிட்டன. களி சுருங்கியது, பலகை இறங்கியது. அவளுடைய வரைபடத்தில் கோர்னியின் நிலம் வெறும் வெள்ளைத்தாள்.

வேறு யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் பனி. தண்ணீர் ஊற்றித்தான் பனித்தளம் போடுகிறார்கள். தண்ணீர் தானாகவே மட்டமாகிவிடும். ஆனால் தாழ்ந்த முனையில் பனி தடிமனாக இருக்கும், பலகைக்குள் ஓடும் குழாய்களின் குளிர் அதன் மேற்பரப்புக்கு எட்டாது. அங்கே பனி கொஞ்சம் இளகலாக இருக்கும். வழுக்கி வரும் கல் அந்த இடத்தில் சோர்ந்து நின்றுவிடும். உள்ளூர்க்காரர்களின் கை இதற்குத் தானாகவே பழகிவிட்டது. வெளியூர்க்காரர்களின் கற்கள் இலக்குக்கு முன்பே செத்து விழுந்தன. புதுக் கூடம் வந்த பிறகு ஹார்ட்லி தன் ஊரில் ஒரு போட்டிகூடத் தோற்றதில்லை. அதனாலேயே வரும் பிப்ரவரியில் மாகாணப் போட்டி அங்கே வரவிருந்தது.

சிக்னிக்கு வேண்டியது ஒன்றுதான். தன் தவறு திருத்தக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதைத் திருத்திவிட வேண்டும். மரங்களை வெட்டினால் களி மெல்ல ஈரம் பிடித்துப் பலகையைத் தூக்கிவிடும். கோர்னியிடம் போய்க் கேட்டாள்.

"உன் கட்டடம் குடிகாரன் மாதிரி சாஞ்சா என் மரம் என்னம்மா பண்ணும்?" என்றார் அவர். ஆனாலும் சம்மதித்தார். "வெட்டிரலாம். கிளப்புல ஒரு வார்த்தை கேட்டுரு. நாளைக்கு அந்த ஓரெஸ்ட் என் வாசல்ல வந்து கத்தக் கூடாது."

ஓரெஸ்ட் வசிலிக் என்பவர் கிளப்பின் தலைவர், அணித்தலைவரும் அவர்தான். சிக்னி போனபோது ஆட்டம் முடிந்திருந்தது. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தருவது வழக்கம். சோமர்பி ஊர் அணி ஓசியில் குடித்துவிட்டுக் கிளம்பிப்போனது. ஓரெஸ்டும் பொருளாளர் லோரேனும் இன்னும் நாலைந்து பேரும் வெங்காயம் போட்டு வதக்கிய பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

கர்லிங்கில் நடுவர் விசில் ஊதுவதில்லை. ஓடும் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்து வழிவிடும் துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால், துடைத்தவரே சொல்லிவிட வேண்டும். கல்லை எடுத்துவிடலாமா, நின்ற இடத்திலேயே விடலாமா என்று எதிரணித் தலைவர் முடிவு செய்வார். சிக்னி இந்தக் கிளப்பில்தான் அதைக் கற்றாள். அதே மாதிரி எழுந்து நின்றாள்.

"கூடம் சாஞ்சிருக்கு. என் தப்பு. மரத்தை நான் கணக்குலயே எடுக்கல."

ஓரெஸ்ட் அண்ணாந்து சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"விரிசல் இருக்கா?" என்றார் ஓரெஸ்ட்.

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவள் தடித்த பனியைப் பற்றிச் சொன்னாள். கல் ஏன் சோர்கிறது என்று சொன்னாள். ஓரெஸ்டின் காது மடல் சிவந்தது.

"அப்போ இத்தனை வருஷம் ஜெயிச்சது நாங்க இல்ல, உன் காங்கிரீட்டு?"

லோரேன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் அப்பவே நெனச்சேன். உன் முழங்காலை வச்சுக்கிட்டு இந்த ஆட்டமெல்லாம் வராதே ஓரெஸ்ட்."

"நீ சும்மா இரு லோரேன். இந்தாம்மா இன்ஜினியரம்மா, மரத்தை வெட்டுனா என்ன ஆகும்?"

"ரெண்டு மூணு வருஷத்துல மட்டமாயிரும்."

"வெட்டலேன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் சாயும். அப்புறம் நின்னுரும். கட்டடத்துக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் பெரோகியைப் பார்த்தார்கள். பிறகு ஓரெஸ்ட், ஆட்டத்தில் பேசும் அதே குரலில் சொன்னார்: "கல்லு நின்ன இடத்துலயே நிக்கட்டும்."

"வர்றவங்ககிட்டயாவது சொல்லணும் ஓரெஸ்ட்" என்றாள் சிக்னி.

"என்னன்னு?"

"சாய்வை."

"அவங்க கல்லை நம்மள்ல யாராவது தொட்டோமா?"

"இல்ல."

"தொட்டா சொல்லணும். தொடாததுக்கு என்னத்தைச் சொல்றது?"

போன மாதம்தான், யாருமே பார்க்காதபோது, தன் துடைப்பத்தின் ஒரு இழை கல்லில் பட்டதாக இதே ஓரெஸ்ட் கையைத் தூக்கியிருந்தார். அவர் இப்போதும் ஏமாற்றவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். திட்டியிருந்தால் சிக்னிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, விரிசல் இல்லாத கூடத்துக்காக அவளுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். கோர்னிக்குக் கிளப்பில் ஆயுள் முழுக்க ஓசிக் குடி என்று இன்னொன்று.

"மரத்துக்குத் தண்ணி மட்டும் ஊத்திராதீங்கன்னு அவர்கிட்டச் சொல்லணுமா?" என்று வழியனுப்பும்போது லோரேன் அக்கறையாகக் கேட்டாள். "மண்ணு உப்பிருமில்ல?"

பிப்ரவரியில் ஹார்ட்லி மாகாணப் போட்டியை ஜெயித்தது.

பனி உருகும் நேரத்தில் சிக்னியின் அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. சோமர்பி கிளப்பின் தலைவர்.

"ஹார்ட்லி கூடத்துக்கு அஸ்திவாரம் போட்டது நீங்கதானே? எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்."

சிக்னி கண்ணை மூடிக்கொண்டாள். "அது சாஞ்சிருக்குங்க."

"தெரியும். லோரேன் நாலு கிளாஸ் உள்ளே போனா எதையும் மறைக்க மாட்டா. அதான் கேக்குறோம். அதே களிமண்ணுதான் எங்களுக்கும். ஆனா பக்கத்துல மரம் ஒண்ணும் இல்ல. இப்போ நட்டா எத்தனை வருஷத்துல சாயும்?"

இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து அவர் இரண்டு முறை ஹலோ சொன்னார்.

"என்ன மரம் நடுறதா இருக்கீங்க?" என்று கேட்டாள் சிக்னி.