மாதம் போட்ட வரைபடம்

என் கிரகத்தைக் கொன்றவர் என் கணவர். அதுவும் காலை ஏழு மணிக்கு, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு.

அவருக்குப் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எவ்வளவு தாமதம் என்று நோட்டில் எழுதுவார். எனக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான், வண்டிக்குப் பதில் கிரகம். தொலைவில் ஒரு நட்சத்திரம். அதன் முன்னால் அதன் கிரகம் கடந்து போகும்போது வெளிச்சம் ஒரு துளி மங்கும். ஒன்பது நாளுக்கு ஒரு முறை, சொன்ன நேரத்துக்கு மங்க வேண்டும். அப்படியில்லாமல் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் மங்கினால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிரகம் பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள். அப்படி ஒளிந்திருப்பதைத் தேடுவதுதான் என் பிழைப்பு. ஆய்வகத்தில் எனக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும்.

நான்கு வருடம் தேடினேன், கண்டும் பிடித்துவிட்டேன். அன்று பதினொரு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிவிப்பு.

எங்கள் வரைபடங்களில் மாதமே இருக்காது. வானியல்காரர்கள் நாட்களை ஒரே ஓட்டமாக எண்ணுகிறவர்கள். இருபத்து நான்கு லட்சத்துச் சொச்சம் என்று ஓர் எண் நாளுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். பத்திரிகைக்காரர்களுக்கு அது விளங்காதே என்று, முந்தைய நாள்தான் அடியில் மாதப் பெயர்களைப் போட்டு ஒரு பிரதி எடுத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் அது கிடந்தது. அழகாக வந்திருந்தது. நான் அழகை மட்டும்தான் பார்த்தேன்.

"இது என்ன, மலை மலையா?" என்றார் கணவர்.

"மேல போனா லேட்டு, கீழ வந்தா சீக்கிரம். உங்க நோட்டு மாதிரிதான்."

இன்னொரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்தார். "எல்லா வருஷமும் பிப்ரவரியிலதான் லேட்டா?"

"என்னது?"

"இங்க பாரு, பிப்ரவரி. இங்கயும் பிப்ரவரி. இது மட்டும் மார்ச் ஆரம்பம்."

"ஆமா, முந்நூத்தி எழுபத்தோரு நாளைக்கு ஒரு சுத்து வருது. கிட்டத்தட்ட நம்ம வருஷம் மாதிரியே. அதான் அதுல விசேஷமே."

"என்னமோ போ. எங்க டிப்போல ஒரு வண்டி வருஷா வருஷம் ஒரே மாசத்துல லேட்டா வந்தா, நாங்க வண்டியைத் திட்டமாட்டோம். நம்ம ரோட்டுல அந்த மாசம் என்ன நடக்குதுன்னு போய்ப் பாப்போம்."

சாக்ஸை மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். மனுஷன் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.  எங்கோ கிடக்கும் நட்சத்திரத்துக்கு நம்முடைய பிப்ரவரி எப்படித் தெரியும்?

தெரியாது. நமக்குத்தான் தெரியும். பூமி சூரியனைச் சுற்றுவதால், வருடத்தில் பாதி நாள் அந்த நட்சத்திரத்தை நெருங்குகிறோம், பாதி நாள் விலகுகிறோம். நெருங்கி நிற்கும் மாதத்தில், இந்த நட்சத்திரத்துக்கு அது பிப்ரவரி, அதன் வெளிச்சம் சில நிமிடம் முன்னதாகவே நம்மை வந்து சேரும். அதனால் எங்கள் கடிகாரம் காட்டும் நேரத்தை, சூரியனில் நின்று பார்த்தால் என்ன நேரமோ அதற்கு மாற்றி எழுதுவோம். இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம் அது. ஒரு முறை மாற்ற வேண்டும். ஒரே ஒரு முறை. இரண்டு முறை மாற்றினால் பிப்ரவரி தோறும் எல்லாம் தாமதமாகத்தான் தெரியும்.

நான் ஒரு முறைதான் மாற்றினேன். ஆனால் எனக்கு முன்னால் வேறு யாராவது மாற்றியிருந்தால்?

அந்த இடத்தில்தான் கேமராக்காரர் ஞாபகம் வந்தது. 

தொலைநோக்கியின் கேமரா அவர் பொறுப்பில் இருந்தது. அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் எனக்கு ஒரு மெயில் போட்டார்: 'மேடம், இந்தக் கேமரா சூரியக் கணக்குக்கு மாற்றிய நேரத்தைத்தான் பதிவு செய்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் மறுபடி மாற்றுவதற்கு முன் ஒரு முறை சரிபார்க்கவும்.' நான் ஒரே வரியில் பதில் எழுதினேன்: 'கேமராவை நீங்கள் பாருங்கள், நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.' அவர் கூட்டத்திலும் அதையே எடுத்தார். அத்தனை பேர் முன்னால் எனக்கே நேரம் சொல்லிக்கொடுக்கிறாரே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இயக்குநரிடம் போய், இவரோடு என்னால் வேலை செய்ய முடியாது என்றேன். ஒரே வாரத்தில் அவரைக் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கிரகத்தைப் பற்றிய எங்கள் ஆய்வுக் கட்டுரையில் ஒன்பது பேர் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

எட்டரைக்கு ஆய்வகத்தில் இருந்தேன். கேமராவின் கையேட்டைத் திறந்தேன். நாற்பத்தோராம் பக்கம், அடிக்குறிப்பு, எறும்பு எழுத்து. அவர் சொன்னது அப்படியே இருந்தது. நான் செய்த திருத்தத்தை நீக்கிவிட்டு மறுபடி கணக்கை ஓட்டினேன். பத்து நிமிட வேலை. மலை, பள்ளம் எல்லாம் போய், திரையில் ஒரு நேர்கோடு வந்து நின்றது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஒன்பது நாளுக்கு ஒரு முறை, சொன்ன நேரத்துக்கு, சமர்த்தாக மங்கிக்கொண்டிருந்தது என் நட்சத்திரம்.

ஒளிந்திருந்த கிரகம் என்று நான் நான்கு வருடம் துரத்தியது பூமியை. வருடத்துக்கு மேல் தெரிந்த ஆறு நாள் வெறும் அளவீட்டுப் பிசகு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என் காலடியில் இருந்ததையே அல்லவா நான் தேடியிருக்கிறேன்!  

இயக்குநர் கோட்டெல்லாம் போட்டுத் தயாராக இருந்தார். சொன்னேன். முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"கேமரா கொடுத்த நேரத்துல குழப்பம்னு சொல்லிடலாம். அது பொய்யும் இல்லையே."

"சார், பழி கேமராக்காரர் மேலதான் விழும். என்னைச் சரிபார்க்கச் சொன்னவரே அவர்தான்."

"அவர் எப்படியும் ஸ்டோர்லதானே இருக்காரு? அவருக்குப் புதுசா என்ன ஆகிடப்போகுது? உங்களுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். யோசிங்க."

ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்று சொன்னாளாம். எனக்கு அது கேவலமாகத்தான் பட்டது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி இனிக்கவும் செய்தது. அந்த இனிப்பு என்னைப் பயமுறுத்தியது. படியிறங்கி நேரே கீழ்த்தளத்துக்குப் போனேன்.

கேமராக்காரர் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட புதுச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க மேடம். நானே மேல வந்து கேக்கணும்னு இருந்தேன். இன்னைக்கு நானும் வரலாமா? கடைசி வரிசையில ஓரமா உக்காந்துக்கறேன்."

அந்தப் புதுச் சட்டை என் அறிவிப்புக்காகத்தான் என்று அப்போது புரிந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"கிரகம் இல்ல," என்றேன். "கேமரா ஏற்கெனவே மாத்தியிருக்கு. நான் ரெண்டாவது தடவை மாத்திட்டேன். நீங்க சொன்னது சரி."

அவர் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கையில் ஒரு திருகாணி அப்படியே இருந்தது.

"நீங்க செக் பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"பண்ணல."

"பண்ணவே இல்லையா?"

"இல்ல."

"நான்தான் கேமராவைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன். நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்க, அப்போ எனக்குத்தான் இந்த வேலை தெரியலைன்னு." திருகாணியை டப்பாவில் போட்டார். "அதனாலதான் வேற எடத்துல கேமரா வேலைக்குக் கூப்பிட்டப்பகூடப் போகல. போன எடத்துலயும் தப்புப் பண்ணிடுவேனோன்னு பயம்."

கிரகம் போனதைவிட இதுதான் எனக்குப் பேரிடி. இப்படி ஒரு கணக்கு இந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. மன்னிப்புக் கேட்க வந்தவள், "வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

பதினொரு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. இயக்குநர் முதல் வரிசையில், என்னைப் பார்க்காமல். கேமராக்காரர் சொன்னபடியே கடைசி வரிசையில், ஓரமாக. நான் மாதம் போட்ட வரைபடத்தைத் திரையில் காட்டினேன்.

"நாங்க ஒரு கிரகத்தைக் கண்டுபிடிச்சிருக்கோம். இப்போ நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். நேர்கோட்டைக் காட்டினேன். சிரிப்பு முன்வரிசையில் நின்று, பிறகு பின்வரிசையிலும் நின்றது. பிழை என்னுடையது, சரிபார்க்கச் சொன்னபோது சரிபார்க்காதவள் நான், சொன்னவரை ஸ்டோருக்கு அனுப்ப வைத்ததும் நான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.  

ஒரு நிருபர் எழுந்தார். "இந்தப் பிழையை யார், எப்போ கண்டுபிடிச்சாங்க?"

"அதோ, கடைசி வரிசையில இருக்கிற எங்க கேமராக்காரர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே."

எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் எழுந்து நின்றார். அவர் குரல் அவ்வளவு உரத்து வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ரெண்டு வருஷம் இல்ல மேடம். ரெண்டு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள்."